மிருதங்கமும் பௌபஜார் வீதியும்

கொல்கத்தா நகரில் மகாத்மா காந்தி சாலை வழியாக நடந்து செல்வோர், ஓரிடத்தில் பாண்டு வாத்தியக் குழுக்களின் சிறு கடைகள் வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். கலியாண காலங்களில் மாலை வேளையானால், சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை அணிந்த வாத்தியக்காரர்கள் அக்கடைகளின் வாயிலில் கூடியிருப்பர். ஒருவர் பித்தளைக் குழலைத் துணியால் துடைத்துக் கொண்டிருப்பார். மற்றொருவர் பக்கவாட்டில் தொங்கவிட்டு அடிக்கும் சைட் டிரம்மை மடிமீது வைத்துக்கொண்டு, கையில் ஒரு சிறு சாவியுடன் அதன் விளிம்பைச் சுற்றியுள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கிக் கொண்டிருப்பார். ஒரு திருகாணியைச் சிறிது திருப்புவார். அதன் அருகே தோலைக் குச்சியால் மெல்லத் தட்டிச் செவி கொடுப்பார். பின்பு அடுத்த திருகாணிக்குப் போகாமல், நேர் எதிரே உள்ளதைத் திருப்புவார். கடையைக் கடந்து போகிறவர்களுக்கு அது வெறும் தட்டலாகத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சிறு வேலையினுள் ஒரு பெரிய சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தின் முக்கியமான ஓர் அத்தியாயம் இதே நகரத்தில், இந்தச் சாலைக்குச் சற்றுத் தொலைவிலேயே, தமிழ் நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவரால் எழுதப்பட்டது. அவ்வரலாற்றை நாம் இன்று நினைவு கூர்வோம்.

முதலில் அந்த டிரம்மையே சிறிது கவனிப்போம். அதற்கு மேலும் கீழுமாக இரண்டு தோல்கள். மேல்தோல் அடிபடுவது, கீழ்த்தோல் மிகவும் மெல்லியது. கீழ்த்தோலின் குறுக்கே, அதைத் தொட்டும் தொடாமலும் சில கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். முற்காலத்தில் இவை மிருகங்களின் நரம்பினால் ஆனவை. மேல்தோலை அடித்தவுடன் உள்ளே இருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது; கீழ்த்தோல் அந்த இழைகளை உதறுகிறது; இழைகள் மீண்டும் தோலின்மேல் படபடவென்று மோதுகின்றன. பொரி பொரிவது போன்ற அந்தத் துடியான ஓசை இப்படிப் பிறப்பதுதான். இழையைத் தளர விட்டால் ஓசை கலகலத்துச் சிதறிவிடும். அளவுக்கு மேல் இறுக்கினாலோ குரல்வளை நெரிபட்டதுபோல் ஒலி அடங்கிவிடும். தோலும் அப்படித்தான். ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தளர்ந்திருந்தால், ஓர் அடியில் இரண்டு மூன்று தொனிகள் எழுந்து ஒன்றையொன்று கெடுக்கும். அதனால்தான் வாத்தியக்காரர் எதிரெதிர்த் திருகாணிகளை மாற்றி மாற்றி முடுக்குகிறார். அவர் நாடுவது இறுக்கம் மட்டுமன்று. விளிம்பு முழுவதும் ஒரே இறுக்கம்.

இவ்வகை முரசு ஐரோப்பாவின் காலாட் படைகளோடு வளர்ந்தது. சிப்பாயின் இடுப்பருகே தொங்கியதால் அதற்குச் சைட் டிரம் என்ற பெயர் வந்தது. கும்பினிப் படைகளுடன் அது நம் நாட்டுக்கு வந்து, கல்கத்தாவின் வில்லியம் கோட்டையிலும் முழங்கிற்று. அக்காலத்தில் அதற்குத் திருகாணி கிடையாது. இரண்டு தோல் வளையங்களையும் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, கயிற்றின்மேல் தோல் காதுகளைக் கோத்து, அவற்றைக் கீழே தள்ளி இறுக்குவார்கள். திருகாணி முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. மிருகத் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடு வந்தது 1950-களின் பிற்பாதியில். பட்டாளத்து முரசு நாளடைவில் கலியாண ஊர்வலத்துக்கு இறங்கி வந்து, இன்று வங்காளத்து மாப்பிள்ளைக்கு முன்னே நடந்து போகிறது.

கயிறும் தோற்காதும் என்றவுடனே நம்மவர்க்கு வேறொரு வாத்தியம் நினைவுக்கு வந்திருக்கும். தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அங்கே மிருதங்கம் பயிலும் பிள்ளை உள்ள வீட்டில், கச்சேரி நாளன்று காலையில் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். தம்புரா ஒலிக்க, மிருதங்கத்தின் வலந்தலையைச் சுற்றியுள்ள பின்னலை ஒரு கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். விளிம்பைப் பதினாறு கண்களாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிலும் விரலால் மீட்டிப் பார்த்து, எங்கும் ஒரே சுரம் பேசும்வரையில் ஓயமாட்டார்கள். காந்தி சாலையில் சாவி செய்த வேலையை இங்கே கல் செய்கிறது. செவி செய்யும் வேலை இரண்டிடத்திலும் ஒன்றே.

கங்கைக் கரையின் ஈரக்காற்று இவ்வேலையை இருமடங்காக்கிவிடும். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும். தளர்ந்தால் குரல் மந்தமாகும். துர்க்கா பூஜைக்கு முன்பு சியால்டா ரயில் நிலையத்தருகே கிராமங்களிலிருந்து வந்து கூடும் டாக் வாத்தியக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். நம் ஊரில் பறையடிப்போர் வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் பறையைக் காட்டிக் காய்ச்சுவதும் இதற்காகத்தான். காய்ச்சாத பறை பேசாது என்பது அவர்கள் கண்ட உண்மை.

ஆயினும் மிருதங்கத்தை மற்றப் பல முரசுகளிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு தன்மை உண்டு. சைட் டிரம்மை எவ்வளவு திறமையாக முடுக்கினாலும் அதற்கு ஓசைதான் உண்டு. பாட்டோடு இணையும் சுரம் கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலையோ பாடகரின் ஆதார சட்ஜத்தில் நின்று பேசுகிறது. வடநாட்டுத் தபலாவும் அப்படியே. இது எவ்வாறு நிகழ்கிறது?

விடை வலந்தலையின் அமைப்பில் இருக்கிறது. பலா மரத்தைக் குடைந்த உடலின் மேல், வளையமாக வெட்டிய மாட்டுத் தோல். அதற்குள்ளே தெரியும் ஆட்டுத் தோல். இவற்றைச் சேர்த்துப் பின்னிய மூட்டு. மூட்டுக்கு மூட்டு இழுத்துக் கட்டிய எருமைத் தோல் வார். ஆட்டுத் தோலின் நடுவே வட்டமாகக் கருநிறச் சோறு. கிட்டான் என்று தொழிலாளர் வழங்கும் கல்லை நுண்ணிய பொடியாக்கி, குழைந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்குமாறு அதை அமைப்பார்கள். இடந்தலையில் அவ்வப்போது ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். முழவின் முகத்தில் மண் பூசுவதைச் சங்கப் பாடல்கள் அறியும். ஆற்றங்கரை மண்ணால் பூசும் முறையைப் பரதரின் நாட்டிய சாஸ்திரமும் விவரிக்கிறது. எனவே இது மிகப் பழைய வித்தை.

இன்னும் ஒரு நுட்பம். வளையத் தோலுக்கும் நடுத்தோலுக்கும் இடையே ஈர்க்கின் மெல்லிய துண்டுகளைச் சுற்றிலும் செருகுவது உண்டு. அதைக் குச்சி மிருதங்கம் என்பர். சிறு கல் துணுக்குகளை இட்டால் அது கப்பி மிருதங்கம். இவை தரும் இழுமென்ற கார்வையே வலந்தலைக்கு உயிர். சைட் டிரம்மின் கம்பிச் சுருளும், கேரளத்து இடைக்காவின் தோலை ஒட்டி ஓடும் மெல்லிய இழையும், மிருதங்கத்தின் ஈர்க்கும் தமக்குள் உறவினர்களே. தோலோடு லேசாக உரசும் ஒரு சிறு பொருள் ஒலிக்குத் துடிப்பைத் தருகிறது என்பதை வெவ்வேறு நாட்டுத் தொழிலாளர்கள் தத்தம் செவியாலேயே கண்டுகொண்டனர்.

இனி, ஏட்டில் இருந்த சாஸ்திரம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியின் இயல்பைப் பற்றிய தம் பெருநூலை 1863-இல் வெளியிட்டார். ஆங்கிலேயரான ராலே பிரபுவின் ஒலியியல் நூல் 1877-78-இல் வந்தது. தந்தியை மீட்டினால் அடித்தொனியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண் கணக்கில் மேல்தொனிகள் எழுகின்றன. அதனால் அது செவிக்கு இனிய சுரமாகிறது. ஆனால் ஒரே சீரான வட்டத் தோலை அடித்தால், மேல்தொனிகள் அடித்தொனியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று முறையற்ற கணக்கில் எழுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டாத இத்தொனிகள் கலந்தால் கிடைப்பது ஓசையே தவிரச் சுரமன்று. ஆகவே முரசு சுர வாத்தியங்களோடு சேராதது என்பதே மேல்நாட்டார் முடிவு. அவர்கள் கணக்கில் பிழையில்லை. அவர்கள் கணக்கிட்ட தோலின் நடுவே சோறு இல்லை, அவ்வளவே.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் கல்கத்தாவுக்கு வருகிறார்.

சந்திரசேகர வேங்கட ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். வயலின் வாசிப்பதில் வல்லவர். மகன் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் எம்.ஏ. தேறினார். அந்நாளில் இந்தியாவில் விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொண்டு ஒருவர் வயிறு வளர்ப்பது அரிது. அதனால் நிதி இலாகாப் பரீட்சை எழுதி, அதில் முதல்வராகத் தேறி, 1907-ஆம் ஆண்டின் நடுவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. அதே ஆண்டில் மணந்த மனைவி லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிக்கத் தெரிந்தவர். உத்தியோகம் தேடி ஊரை விட்டு வரும் இளந்தம்பதிகளின் நிலை எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மொழி புதிது; தண்ணீர் புதிது; தெரிந்த முகம் அரிது. அந்த நிலையில்தான் அவர்களும் பௌபஜாரை அடுத்த ஸ்காட் சந்தில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள்.

ஒரு நாள் அலுவலகத்துக்கு டிராம் வண்டியில் போகும்போது, பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப் பலகை ராமனின் கண்ணில் பட்டது. 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்' என்பது அதன் பொருள். அச்சங்கத்தை 1876-இல் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காளப் பெரியார். நம் நாட்டினர் தம் சொந்த முயற்சியில் விஞ்ஞான ஆராய்ச்சி நடத்த வேண்டும் என்பது அவர் கனவு. ஊரார் கொடையைத் திரட்டிக் கட்டடம் எழுப்பினார், கருவிகள் வாங்கினார், சொற்பொழிவுகளும் நடந்தன. ஆயினும் வாழ்நாளை ஆராய்ச்சிக்கே தர வல்லவர் எவரும் வரவில்லை என்ற மனக்குறையோடு அவர் 1904-இல் காலமானார். மூன்று ஆண்டு கழித்துக் கதவைத் தட்டியவர் ராமன். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே; சங்கத்தின் காரியங்களைக் கவனித்து வந்தவர் நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார். வேறு மாநிலத்திலிருந்து வந்த அந்த இளைஞரிடம் அவர்கள் ஆய்வுக்கூடத்தை ஒப்படைத்தார்கள். அன்று முதல் விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் கணக்கு அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம் என்று ராமனின் நாட்கள் கழிந்தன. நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

அக்கூடத்தில் விலையுயர்ந்த கருவிகள் அதிகம் இல்லை. ஆனால் கல்கத்தாவில் வாத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. லால்பஜாரை அடுத்த சித்பூர் சாலையில் இன்றும் வாத்தியக் கடைகள் நிறைந்துள்ளன. ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலை இளமையிலேயே கற்று, அது தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்று என்று பிற்காலத்தில் போற்றிய ராமனுக்கு, வாத்தியங்களே ஆராய்ச்சிப் பொருளாயின. 1909-இல் வங்காளத்துப் பாடகர் கையில் காணும் ஏகதாராவைப் பற்றி எழுதினார். வயலினைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். 1921-இல் வீணையையும் தம்புராவையும் பற்றி எழுதி, தம்புராவின் தந்திக்கு அடியில் நாம் செருகும் ஜீவா நூல் அதன் நாதத்தை எவ்வாறு செழிப்பிக்கிறது என்பதைக் காட்டினார். அந்த ஜீவா நூலும் நாம் முன்பு சொன்ன ஈர்க்குக்கும் கம்பிச் சுருளுக்கும் உறவுதான்.

இடையில் 1917-இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி அமைத்த பாலித் பேராசிரியர் பதவியை ராமன் ஏற்றார். சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அரசாங்க உத்தியோகத்தை விட்டார். பிழைப்புக்காக வந்த ஊரில், பிழைப்பை விட மேலான ஒன்றை அவர் கண்டுவிட்டார்.

1920-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாளிட்ட இலண்டன் 'நேச்சர்' வாரப் பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. முழு எண் கணக்கில் மேல்தொனிகளைத் தரும் முரசுகள் என்பது அதன் பொருள். எழுதியவர் இருவர்: தமிழரான ராமன், வங்காளியான சிவகாளி குமார். இந்திய முரசுகள் தந்தி வாத்தியத்தைப் போலவே ஒழுங்கான மேல்தொனிகளைத் தருகின்றன என்றும், அதற்குக் காரணம் தோலின் நடுவே இட்ட பாரமே என்றும் அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். ஐரோப்பியப் பேரறிஞர்களின் நூல்களில் இடம்பெறாத ஓர் உண்மையை, தஞ்சை மிருதங்கத்திலும் வங்காளத் தபலாவிலும் இருந்து எடுத்துக் காட்டிய கட்டுரை அது.

பாரம் என்ன செய்கிறது? தோலின் நடுப்பகுதி கனத்தால், முழுத் தோலும் ஒன்றாக எழுந்து விழும் அடித்தொனி மிகவும் தாழ்கிறது. தோல் இரு பாதியாகப் பிரிந்து, ஒன்று எழ மற்றொன்று விழும் அசைவில், நடுவிடம் அதிகம் அசைவதில்லை; ஆகவே அந்தத் தொனி அவ்வளவாகத் தாழ்வதில்லை. பாரத்தின் அளவும் பரப்பும் சரியாக அமைந்தால், முன்பு 1.59 மடங்காக இருந்த அத்தொனி சரியாக இரண்டு மடங்காகிறது. அதற்கு மேற்பட்டவையும் மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளில் வந்து அமர்கின்றன. பூச்சுக் கனமானாலும் கெடும், மெலிந்தாலும் கெடும். அதன் ஓரம் எங்கே முடிய வேண்டும் என்பதிலும் கணக்கு உண்டு. சுற்றிலும் உள்ள வளையத் தோல், வேண்டாத உயர் தொனிகளை அடக்க உதவுகிறது.

வித்துவான் 'நம்' என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பை அடிப்பதைக் கவனித்திருப்போம். அந்தத் தொடுகை அடித்தொனியை அடக்கி, மேல்தொனியைத் தெளிவாகப் பேசவைக்கிறது. தோலில் அசையாத கோடு எங்கே ஓடுகிறது என்பதை அந்த விரல் அறிந்திருக்கிறது. ராமன் அதைக் கண்ணாலும் காட்டினார். தோலின்மேல் நுண்ணிய மணலைத் தூவி, விரல்களை வெவ்வேறு இடங்களில் வைத்து அடித்தால், மணல் துள்ளி ஓடி, அசைவற்ற கோடுகளில் வந்து தங்கிக் கோலமிடும். அக்கோலங்களைக் கொண்டு, ஒன்பது வகை அசைவுகள் ஐந்தே தொனிகளாகத் திரள்வதை அவர் விளக்கினார். ஒழுங்கற்ற ஒன்பதை ஒழுங்கான ஐந்தாக்கியது அந்தக் கருஞ்சோறு.

ராமன் 1927-இல் ஜெர்மனியில் வெளியான பௌதிகப் பெருந்தொகுதியில் இசைக் கருவிகளைப் பற்றிய கட்டுரையை எழுதினார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், அதே பௌபஜார்க் கூடத்தில், ஒளியைப் பற்றிய பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அதில் உடனுழைத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசு வந்தது. 1933-இல் ராமன் பெங்களூருக்குப் போனார். போன மறு ஆண்டே, 1934-இல், இந்திய முரசுகளைப் பற்றிய விரிவான கட்டுரையை வெளியிட்டார். உலகப் புகழ் வந்த பின்பும் மிருதங்கத்தை அவர் மறக்கவில்லை. 1954-இல் பெங்களூரில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் எம். எம். சோந்தியும், நடுவில் கனத்த தோலின் அசைவுகளைக் கணிதத்தால் ஆராய்ந்து அவ்வேலையை மேலே கொண்டு சென்றார்கள். விஞ்ஞானச் சங்கம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம்மாறியது. பௌபஜார் வீதிக்கு விபின் விஹாரி கங்குலியின் பெயர் சூட்டப்பட்டது. கல்கத்தா என்ற பெயரே 2001-இல் கொல்கத்தா என்று மாறியது.

இத்துடன் நம் கதை முடிந்துவிட்டால் அது ஒரு வெற்றிக் கதையாக இருக்கும். ஆனால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ராமன் கண்டது ஓர் உண்மையின் காரணத்தை. அந்த உண்மையை முதலில் கண்டவர் யார்? ராமனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எத்தனை பூச்சு இட்டால் தோல் பேசும், எந்த ஓரத்தில் சோற்றை நிறுத்த வேண்டும், எந்த ஆட்டின் தோல் வலந்தலைக்கு உதவும் என்று தட்டித் தட்டிப் பார்த்து முடிவு செய்தவர் யார்? அவர்கள் தோல் தொழிலாளர்கள். பச்சைத் தோலைக் கழுவி, உரோமம் நீக்கி, காய வைத்து, வார் அறுத்து, கல் பொடித்துக் கை கறுத்தவர்கள். தோலைத் தொட்டதாலேயே அவர்களை ஊர் தொடாமல் ஒதுக்கியது. அவர்கள் செய்த வாத்தியத்தைப் பூஜை அறையில் வைத்தவர்கள், செய்தவரை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தினார்கள். கச்சேரி மேடையில் பாடகர் பெயர் உண்டு. பக்கவாத்தியக்காரர் பெயர் உண்டு. மூட்டுக் கட்டியவர் பெயர் இல்லை. 2020-இல் டி. எம். கிருஷ்ணா, 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றை எழுதினார். அந்நூல் வந்த பிறகே நம்மில் பலர் அக்குடும்பங்களைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்பட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. வலந்தலை கிழிந்தால் இங்கே அதைக் கட்டித் தருவோரைக் காண்பது அரிது. தபலாவுக்குச் சித்பூர் சாலையில் ஆள் உண்டு. மிருதங்கத்துக்கு ஊருக்குத்தான் எழுத வேண்டும். விடுமுறைக்குப் போகிறவர் கையில் பழைய மூட்டைக் கொடுத்தனுப்பி, புதியது வரும்வரையில் பல வாரங்கள் காத்திருக்கிறோம். அப்போதுதான் நமக்குத் தெரிகிறது, இவ்வித்தை புத்தகத்தில் இல்லை, சில மனிதர்களின் கைகளில் இருக்கிறது என்பது. அவர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனால் அவர்களைக் குறை கூற முடியாது. உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் மதிப்பும் இல்லாத தொழிலை எவர் தொடர்வார்? இன்று செயற்கைத் தோலில் செய்த மிருதங்கங்களும் வந்துள்ளன. ஈரத்துக்குத் தளராதவை அவை. பயிற்சிக்குப் பெரிதும் உதவுகின்றன. ஆனால் அவற்றைச் செய்பவரும், எது நல்ல நாதம் என்பதைப் பழைய தோலின் குரலைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

மகாத்மா காந்தி சாலையில் சாவியோடு உட்கார்ந்திருக்கும் அந்த வாத்தியக்காரரிடம் நாம் ஒருமுறை திரும்பிச் செல்வோம். ஒரு திருகாணியை மட்டும் முடுக்கி நல்ல ஓசையை வாங்கிவிட முடியாது என்பதை அவர் அறிவார். சுற்றிலும் உள்ள ஒவ்வொன்றும் தன் பங்கு இறுக்கத்தைத் தாங்க வேண்டும். மிருதங்கத்தின் வரலாற்றிலும் அப்படியே. சாஸ்திரம் கண்ட ராமன் ஒரு பக்கம். அவருக்குக் கதவைத் திறந்த வங்காளிகள் ஒரு பக்கம். உடன் ஆராய்ந்த சிவகாளி குமார் ஒரு பக்கம். வாசித்துச் செவியைப் பழக்கிய வித்துவான்கள் ஒரு பக்கம். தோலைப் பதப்படுத்திய தொழிலாளர் ஒரு பக்கம். இவர்களில் ஒரு பக்கத்தை மட்டும் நாம் நெடுங்காலம் தளர விட்டிருக்கிறோம்.

அதைச் சரிசெய்யப் பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த முறை நம் பிள்ளையின் மிருதங்கம் ஊரிலிருந்து மூட்டுக் கட்டி வரும்போது, கட்டியவர் பெயர் என்ன என்று கேட்டறிவோம். அப்பெயரைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவோம். நம் சபையில் கச்சேரி நடந்தால், நிகழ்ச்சித் தாளில் பாடியவர், வாசித்தவர் பெயர்களோடு வாத்தியத்தைச் செய்தவர் பெயரையும் அச்சிடுவோம். செய்த வேலைக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். இவ்வளவு செய்தால், பௌபஜார் வீதியில் மணல் தூவிக் கோலம் கண்ட அந்தத் தமிழர் வெளிக்கொணர்ந்த உண்மைக்கு, நாமும் நம்மால் இயன்ற மரியாதையைச் செய்தவர்களாவோம்.